கோழிக்கூட்டை அழகுபடுத்துவதற்கு முன்

வன்னியில் விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கோடியில் அம்மாவுடைய பழைய கோழிக்கூடு ஒன்று இருக்கிறது. பனஞ்சிலாகைச் சட்டம், மேலே பழைய தகரம், 12 ஊர்க்கோழிகள். மாரி தொடங்குமுன் அதைத் திருத்தி, நிறம் பூசி, சிறிய விளக்குகள் கட்டி, சுற்றிவரப் பூங்கன்றுகள் வைத்துப் பிள்ளைகள் விரும்பும்படி ஆக்க வேண்டும். எந்தப் பெயின்ற் நல்லது, எவற்றால் அலங்கரிக்கலாம், எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில், போகிற போக்கில், சில பேடுகள் இப்போது கூட்டுக்குள் போகாமல் மாமரத்தில் ஏறிப் படுக்கின்றன என்றும் முட்டையும் குறைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். கால்நடைத் துறையில் கள உத்தியோகத்தராக வன்னிக் கிராமங்களில் பல வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதற் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். படுத்துப் பழகிய கூட்டைக் கோழி காரணமில்லாமல் கைவிடாது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பூசப்படும் எந்த நிறமும் அதை மூடி மறைக்கவே உதவும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கூட்டுக்குள் செள் என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணி பிடித்திருக்கலாம், உள்ளே வெக்கையும் எச்சத்தின் நெடியும் தாங்கமுடியாத அளவுக்கு ஏறியிருக்கலாம், அல்லது இரவில் ஏதோவொன்று வந்து கோழிகளை வெருட்டியிருக்கலாம். உங்கள் கூட்டில் இவற்றில் எது என்பதை நேரில் பார்க்காமல் இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் முதல் இரண்டையும் நீங்களே ஒரே இரவிலும் அடுத்த காலையிலும் சோதித்துவிடலாம். இரவு 9 மணிக்குப் பிறகு, கோழிகள் அடங்கிய பின், ஒரு ரோச் வெளிச்சமும் ஒரு வெள்ளைக் கடதாசியும் எடுத்துக்கொண்டு போங்கள். கோழிகள் படுக்கும் தடியின் அடிப்பக்கத்தையும், தடி சட்டத்தில் வந்து பொருந்தும் மூட்டையும் கடதாசியால் அழுத்தித் துடையுங்கள். கடதாசியில் செந்நிறமான இரத்தக் கறைகள் இழுபட்டு வந்தால் சந்தேகமே வேண்டாம், அது இரத்தம் குடிக்கும் செள். பகலில் அதே இடத்தைப் பார்த்தால் மிளகும் உப்பும் கலந்து தூவியதுபோல வெண்மையும் கருமையுமான தூள் மட்டுமே தெரியும். அது அதன் எச்சமும் உரித்த தோலும். இந்தச் செள் பகல் முழுவதும் மரத்தின் வெடிப்பிலும் ஆணி அடித்த இடுக்கிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பின்னரே வெளியே வந்து கோழியின் உடலில் ஏறுகிறது. இதனால்தான் பகலில் கோழியைப் பிடித்துப் பார்ப்பவர்கள் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரத்தம் குறைந்த கோழியின் கொண்டை வெளிறும், முட்டை குறையும், அடைகாக்கும் பேடுகூட முட்டையை விட்டு எழும்பிப் போகும்.

செள் இருப்பது உறுதியானால் வேலையின் ஒழுங்கு மாறிவிடும். கூட்டை முழுவதும் காலியாக்கி, பழைய வைக்கலையும் உமியையும் வளவுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, தடிகளையும் முட்டைப் பெட்டிகளையும் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, ஆவணி வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். வெக்கை காலத்தில் இந்தச் செள் முட்டையிலிருந்து பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிட 7 முதல் 10 நாட்களே போதும் என்பதால், ஒரு வாரத்துக்குள் அதே வேலையை இரண்டாம் முறையும் செய்யாவிட்டால் முதல் முறை செய்தது வீண். கோழி இல்லாத கூட்டிலும் அது பட்டினியாகப் பல வாரங்கள், குளிரான இடமென்றால் பல மாதங்கள்கூட, உயிரோடு கிடக்கும். ஆகவே கூட்டைக் கொஞ்சநாள் சும்மா விட்டால் தானாகவே ஒழிந்துவிடும் என்று இருக்க வேண்டாம். மருந்து தேவைப்பட்டால் உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் மட்டுமே பாவியுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தில் மிச்சம் கிடக்கிறது என்று அதைக் கரைத்துத் தெளிக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. அது முட்டைக்குள்ளும் இறைச்சிக்குள்ளும் போய், அந்த முட்டையை அவித்துக் கொடுக்கிற பிள்ளையிடம் வந்து சேரும். தயவுசெய்து செய்யாதீர்கள். கறையானுக்கென்று வாகனங்களின் கழிவு எண்ணெயைச் சட்டத்தில் பூசுவதும் கோழி படுக்கும் இடத்துக்கு ஆகாது.

இரண்டாவது சோதனை காலையில். கதவைத் திறந்தவுடன், நின்றபடி அல்லாமல், குந்தியிருந்து தலையைக் கோழி படுக்கும் உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால், அந்தக் காற்றைத்தான் கோழிகள் இரவு முழுவதும் சுவாசித்திருக்கின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, நான்கு பக்கமும் மூடிய கூட்டுக்குள், வன்னியின் கோடை இரவில் அதற்கு மாமரக் கொப்பே மேலானதாகத் தெரிவது இயல்பு. தகரத்தின் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகு வேய்ந்தால் வெக்கை தெளிவாகக் குறையும். கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் ஒடுக்கமான பக்கங்களில் மட்டுமே விழும். பழைய கூட்டை இப்போது திருப்பிவைக்க முடியாது என்றால் மேற்குப் பக்கத்தில் நிழல் ஏற்படுத்துவது அடுத்த நல்ல வழி.

ஆனால் காற்றுக்காகத் திறந்துவிட்ட கூடு மாரியில் என்னாவது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். எங்களுக்குக் கோடையில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்தும், மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்தும் வருகிறது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன என்பதை நாங்கள் மறக்கவில்லை. நனைந்த உடம்பில் காற்றுப் படுவதுதான் கொல்லும். காய்ந்திருக்கும் கோழி எங்கள் குளிரைத் தாங்கும். ஆகவே வடக்குப் பக்கத் தாழ்வாரத்தை இரண்டரை, மூன்று அடி வெளியே நீட்டுங்கள். பக்கத் திறப்புகளுக்குப் படங்கு அல்லது தைத்த சாக்கினால் திரை போடும்போது ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும்: திரையை மேலிருந்து தொங்கவிடாமல், கீழ் விளிம்பைச் சட்டத்தில் அடித்துவிட்டு, மேல் விளிம்பைக் கயிற்றால் ஏற்றி இறக்கும்படி கட்டுங்கள். மழை நாளிலும் உச்சியில் நாலு விரல் அளவு திறந்திருந்தால், காற்றும் தூவானமும் கோழியின் மேல் படாது. நெடியும் ஈரமும் மேலால் வெளியேறும். கூட்டின் தளத்தை நிலத்திலிருந்து குறைந்தது இரண்டு அடி உயர்த்துங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, இரவில் வருகிறவை. மரநாய், கீரி, நரி, சாரை, நாகம், முட்டைக்கு உடும்பு என்று எங்கள் பக்கம் பட்டியல் நீளமானது. கடையில் கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை, கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க உதவாது. மரநாய் அதைப் பல்லால் இழுத்துப் பிரிக்கும், கீரிக்கும் பாம்புக்கும் அந்தக் கண்ணே வாசல். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் என்ற பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். அதைத் தளத்தின் கீழும் தாழ்வார இடுக்கிலும் விடாமல் அடிக்க வேண்டும். கதவுக்குக் கயிற்று முடிச்சோ தடியோ போதாது, திறாங்கு போடுங்கள். கூட்டின் கால்களில் முழங்கால் உயரத்துக்கு வழுவழுப்பான தகரத்தை வளைத்து அடித்தால் எலியும் ஏறாது. மாமரத்தில் படுக்கும் கோழி காற்றோட்டத்தில் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மரநாய்க்கு மாமரம் ஏணி. ஆகவே அவை அங்கேயே பழகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கூட்டைத் திருத்திய பின், இருட்டியதும் அவற்றைப் பிடித்து உள்ளே தடியில் வைத்து, மூன்று நான்கு நாள் தீனும் தண்ணீரும் உள்ளேயே கொடுத்து அடைத்து வைத்தால் பெரும்பாலும் திரும்பப் பழகிக்கொள்ளும்.

புதிய கால் நடுவதற்கு அலவாங்கு எடுக்குமுன் இன்னொன்று சொல்ல வேண்டும், இது போர்க்கால வெடிபொருட்கள் புதைந்து கிடக்கக்கூடிய எங்கள் மண்ணில் சொல்ல வேண்டியது. முன்பு கிண்டாத இடத்தில், அதிலும் பழைய பதுங்குகுழி இருந்த இடத்தில், கிண்டாதீர்கள். அலவாங்கு இரும்பில் தட்டினால் நிறுத்திவிட்டு, தொடாமல், பொலிசுக்கு அறிவியுங்கள். நிலத்திலிருந்து எடுத்த இரும்புப் பெட்டிகளையும் உருளைகளையும் தீன் தொட்டியாகவோ அலங்காரமாகவோ வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். எவ்வளவு காலமாகச் சும்மா கிடந்தது என்றாலும் அது வேண்டாம்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் வளவில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் 12 ஊர்க்கோழிக்கு 6 அடிக்கு 4 அடித் தளம் போதும். பகலிலும் அடைத்து வைப்பதென்றால் அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். தடி ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்று கணக்கிட்டு, இரண்டு அங்குலத் தடிப்பில், விளிம்பு சீவி உருட்டியதாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் குழாயும் இரும்புக் குழாயும் வழுக்கும். தடியை ஆணி அடித்து இறுக்காமல் வெட்டிய பள்ளத்தில் தூக்கி வைக்கும்படி விடுங்கள், கழற்றிக் கழுவலாம். முட்டைப் பெட்டி ஓர் அடி நீள அகல உயரத்தில், நாலைந்து பேட்டுக்கு ஒன்று வீதம், மூன்று போதும்; அவை தடியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழிகள் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிடும். பனையோலைக் கடகம் இதற்கு மிக நல்லது. பழுதானால் எரித்துவிட்டுப் புதிது வைக்கலாம்.

இனி நிறம். கூட்டின் உட்பக்கத்துக்கு என்னுடைய பதில் ஒன்றே, சுண்ணாம்பு. நீற்றின சுண்ணாம்பு ஒரு கிலோவை 5 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, ஒரு கைப்பிடி உப்புக் கரைத்து, தண்ணியாக மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் வெடிப்புக்குள்ளும் தூரிகையால் குத்திப் பூச வேண்டும். கண்ணில் தெறித்தால் கடுமையாக எரிக்கும் என்பதால் பிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். நன்றாகக் காயும்வரை கோழிகளையும் விடாதீர்கள். சுண்ணாம்பு இடுக்குகளை அடைத்துச் செள் ஒளியும் இடத்தைக் குறைக்கிறது, வெண்மையில் அழுக்கும் செள்ளும் உடனே தெரிகின்றன, இவை நிச்சயம். சுண்ணாம்பு மட்டுமே செள்ளை முற்றாக ஒழித்துவிடும் என்பது நிச்சயமல்ல. கழுவுதலோடு சேர்ந்தால்தான் அது பலன் தரும். தகரத்தில் மட்டும் சுண்ணாம்பு பூச வேண்டாம், ஒட்டவும் மாட்டாது, ஈரச் சுண்ணாம்பு தகரத்தின் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும்.

வெளிப்பக்கத்துக்குத் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ற் நல்லது, வெளிறிய நிறமாக இருந்தால் வெக்கையும் குறையும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய எனாமல் பெயின்ற் ரின்களைத் தொடாதீர்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். உரியும் செதிலைக் கோழி கொத்தித் தின்னும், ஈயம் முட்டைக்குள் போகும். இதே காரணத்துக்காக, பெயின்ற் அடித்த பழைய கதவு, யன்னல் பலகைகளைச் சுரண்டிக் கூட்டுக்குப் பாவிப்பதும் கூடாது. பறவையின் நுரையீரல் எங்களுடையதைவிட நச்சுக் காற்றுக்கு இலகுவில் ஆளாகும் என்பதால், எந்தப் பெயின்றும் மணம் முற்றாகப் போன பின்னரே கோழிகளை உள்ளே விடுங்கள். எங்கள் கோயில் மதில்களில் உள்ளதுபோல வெள்ளையும் காவியும் மாறிமாறி வரும் பட்டைகள் ஒரு சிறிய கூட்டுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மண் பூசிய சுவர் என்றால் காவிக்கல்லைக் கரைத்துச் சுண்ணாம்பில் கலந்தே அந்த நிறத்தைப் பெறலாம், விலையும் அற்பம். பனை மட்டையைச் சீவி வரிச்சுக் கட்டிய தட்டி வைத்தால் அதைவிட அழகான முகப்பு நான் கண்டதில்லை. அது காற்றையும் விடும். வலையைத் தட்டியின் உட்பக்கத்தில் அடித்துக்கொள்ளலாம்.

அலங்காரம் முழுவதற்கும் நான் சொல்வது ஒரே விதி: கூட்டின் உள்ளே கழற்றிக் கழுவ முடியாத எதுவும் இருக்கக்கூடாது, அழகெல்லாம் வெளியே இருக்கட்டும். உள்ளே ஆணியடித்த ஒவ்வொரு பலகையும் திரைச்சீலையும் செள்ளுக்கு இன்னொரு வீடு. தோரணமும் நூலும் றிபனும் கோழியின் தொண்டைப் பையில் சிக்கும். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகைத் துண்டைக் கண்டால் கோழி தீனை விட்டுவிட்டு அதைத் தின்னும். வெட்டிய கம்பித் துண்டும் சிறிய ஆணியும் கீழே விழுந்தால் அதையும் விழுங்கும். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தால் நிலத்தைத் துழாவி எடுங்கள். நிறம் பூசிய பழைய ரயரில் பூக்கன்று வைப்பது இப்போது எல்லோரும் செய்கிற அலங்காரம், ஆனால் அதில் தேங்கும் மழைநீரில் நுளம்பு பெருகும். டெங்கு உங்களுக்கு, கோழி அம்மை கோழிகளுக்கு. ரயர் வேண்டுமென்றால் கூரைக்குக் கீழே வைத்து, உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் நிரப்பி, கோழிகள் புழுதி குளிக்க விடுங்கள். பிள்ளைகள் அதில் என்ன நிறம் பூசினாலும் சரி.

விளக்குகளைப் பற்றி. சோலர் விளக்குக் கொடியைக் கூட்டின் வெளிமுகப்பில் கட்டி, சாப்பாட்டு நேரம்வரை எரியவிட்டு அணைப்பதில் தவறில்லை. இரவு முழுவதும் எரியவிட்டால் கோழிகள் உறங்காது; வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். வெளிச்சம் கூடினால் முட்டை கூடும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பண்ணைகளில் முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணிநேர வெளிச்சம் கொடுப்பது உண்மை. ஆனால் எங்கள் இடத்தில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணிநேரமே வித்தியாசம்; அடைக்கு இருந்து குஞ்சு வளர்க்கும் இயல்புள்ள ஊர்க்கோழிக்கு விளக்கு எரித்து முட்டையைக் கூட்டலாம் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். உங்கள் கோழிகளுக்கு முட்டை குறைந்தது செள்ளாலா, இறகு உதிர்க்கும் பருவத்தாலா, தீனாலா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செடிகளில் அலரியை, அதிலும் மஞ்சள் அலரியை, கூட்டருகே வைக்காதீர்கள். ஆமணக்கு, ஊமத்தை, குரோட்டன் ஆகியவையும் வேண்டாம். வளவில் மேய்கிற கோழி இவற்றைப் பெரும்பாலும் தொடாது என்றாலும், அடைபட்டுப் பச்சை கிடைக்காத கோழி எதையும் கொத்திப் பார்க்கும். செவ்வரத்தை, முருங்கை, பசளி ஆகியவற்றின் இலையைக் கோழிகள் தின்றால் அது நன்மையே. எனக்கு மிகப் பிடித்தது மேற்குப் பக்கத்தில் பந்தல் போட்டு ஏற்றிய கொடித்தோடை. பந்தல் கூரையில் முட்டாமல் மூன்று அடியாவது தள்ளி நிற்க வேண்டும், ஏனென்றால் கொடி கூரையில் படர்ந்தால் ஈரமும் தங்கும், பாம்புக்கும் வழியாகும்.

நொச்சி, வேப்பிலையை முட்டைப் பெட்டியில் இடுவதும் வேப்பம்புகை போடுவதும் எங்கள் பெரியவர்களின் வழக்கம். இலையால் கெடுதல் இல்லை, கொஞ்சம் பலன் இருப்பதாகவும் எனக்குப் படுகிறது. ஆனால் செள் பெருகிய கூட்டை அதனால் மட்டும் காப்பாற்றலாம் என்று சொல்லத் துணியமாட்டேன். புகை, கோழிகள் வெளியே இருக்கும்போது மட்டும் போடுங்கள். அலுவலகத்துக்குப் போகிறபோது இராணிக்கட் தடுப்பூசி எப்போது போடுகிறார்கள் என்றும் கேட்டு வாருங்கள், அந்த நோய் வந்தால் ஒரு கிழமையில் கூடு காலியாகிவிடும்.

செலவைக் கேட்டிருந்தீர்கள். சுண்ணாம்பையும் பெயின்றையும் விட்டால், புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை கம்பிவலையும் திறாங்கும் மட்டுமே. பனஞ்சிலாகையில் வைரம் பாய்ந்த கறுப்புப் பகுதி கறையானுக்கு இலகுவில் அசையாது, தட்டிப் பார்த்துக் கணீரென்று கேட்பவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அஸ்பெஸ்டஸ் சீற் துண்டுகள் வளவில் கிடந்தால் அவற்றை அறுத்துப் பொருத்த முயலாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. வலை வாங்கப் போகுமுன் கடையில் சுருள் என்ன அகலத்தில் வருகிறது என்று கேட்டுவிட்டு, பக்கத் திறப்பின் உயரத்தை அந்த அகலத்துக்கே அமையும்படி சட்டத்தை அடியுங்கள். வெட்டுத்துண்டு மிஞ்சாது, வெட்டிய கூர்முனையும் கோழிக்கும் பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் வராது.